ஆர்கனும் ஓபோவும்: ஆண்டிறுதிக் கச்சேரிக்கு எந்தத் தேவாலயம், எந்த ஓபோ, எந்த உருப்படி?

ஜெர்மன் நகரங்களில் டிசம்பர் 31 மாலையில் தேவாலயத்தில் ஆர்கன் கச்சேரி வைப்பது நெடுநாள் வழக்கம். பெரும்பாலும் ஆர்கனோடு ட்ரம்பெட் சேரும். இந்த முறை ஓபோவை (நாதஸ்வரம்போல் சீவாளி வைத்து ஊதும் மர வாத்தியம்) அழைப்போம் என்று ஒரு சபையின் இசைக்குழு தீர்மானித்துவிட்டால், உடனே உருப்படிகளைப் பட்டியல் போட உட்கார்ந்துவிடுகிறார்கள். அது வேலையைத் தலைகீழாகத் தொடங்குவது. ஆர்கனின் சுருதியைக் கச்சேரிக்காக மாற்ற முடியாது. ஓபோக்காரரால் தம் சுருதியை நகர்த்த முடிவதும் மிகக் கொஞ்சம். எனவே எந்த ஆர்கன் என்பது முதலில் முடிவாக வேண்டும். எந்த ஓபோ, வாசிப்பவர் எங்கே நிற்பது என்பவை அதைத் தொடர்ந்து வரும். இவை மூன்றும் முடிந்தபின் உருப்படிகளில் பாதி தாமாகவே கழிந்துவிடும். மிச்சத்தில் தேர்ந்தெடுப்பது எளிது.

இதைத் தெளிவாகப் பார்க்க சாக்சனி மாநிலம் நல்ல இடம். டிரெஸ்டன், ஃப்ரைபெர்க், லைப்சிக் மூன்று ஊர்களுக்குள் நான்கு தேவாலயங்களை எடுத்துக்கொண்டால், நான்கிலும் ஆர்கன் சுருதி விஷயம் வெவ்வேறு. நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மற்ற எந்த ஊருக்கும் கணக்கு பிடிபட்டுவிடும்.

ட்ரம்பெட்டா ஓபோவா என்ற கேள்வியை முதலில் தீர்த்துவிடலாம். பண்டிகைக் கோலாகலம் மட்டும் போதும், அறுநூறு பேர் கூடும் கட்டடம், ஒத்திகைக்கு ஒரே ஒரு நாள் என்றால் ட்ரம்பெட்டை அழையுங்கள். அது ஆர்கன் முழு வீச்சில் ஒலிக்கும்போதும் மேலே தெரியும். ஓபோ அப்படித் தெரியாது. ஆர்கன்தான் அடங்கி இடம் கொடுக்க வேண்டும். ஓபோ கச்சேரியில் கோலாகலத்தை ஆர்கனின் தனி உருப்படிகள் சுமக்கின்றன. ஓபோ பாடும் பகுதிகளில் சபை மூச்சடக்கிக் கேட்கும். இந்த ஏற்ற இறக்கம் பிடித்திருந்தால் ஓபோவைப் போல் வேறு வாத்தியம் இல்லை.

ஆர்கன்: நான்கு தேவாலயங்கள், நான்கு கணக்கு

முதலில் டிரெஸ்டன் ஹோஃப்கிர்ஹே. ஆர்கன் செய்பவரான காட்ஃப்ரீட் சில்பர்மான் தம் வாழ்நாளின் கடைசியில் ஏற்ற வேலை இது. 1753இல் அவர் இறந்தபின் சக்கரியாஸ் ஹில்டெப்ராண்ட் முடித்துக் கொடுக்க, 1755 பிப்ரவரியில் அர்ப்பணிக்கப்பட்டது. மூன்று விசைப்பலகை, 47 ஸ்டாப் (ஒரே வகை ஒலி தரும் குழாய் வரிசை ஒவ்வொன்றும் ஒரு ஸ்டாப்). 1945 குண்டுவீச்சில் தேவாலயம் சிதைந்தபோதும், முன்கூட்டியே கழற்றி அனுப்பியிருந்ததால் குழாய்கள் தப்பின. நமக்கு இங்கே முக்கியம் இதன் சுருதி: நடு ஏ சுரம் 415 ஹெர்ட்ஸ். பரோக் ஓபோக்கள் (பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டு மாதிரியில் செய்பவை) இன்று பெரும்பாலும் செய்யப்படுவதும் இதே 415இல்தான். இரண்டையும் சேர்த்தால் எந்தக் கணக்கும் போடாமல் தாளில் உள்ளபடி வாசிக்கலாம்.

நவீன ஓபோவை அங்கே கொண்டுபோனால் கதை வேறு. நவீன ஓபோ 440–442இல் நிற்கும். ஆர்கன் அதைவிட அரைச்சுரம் கீழே. ஆர்கன்காரர் எல்லாவற்றையும் அரைச்சுரம் ஏற்றி வாசிக்க வேண்டும்: டி மைனர் உருப்படி ஈ ஃப்ளாட் மைனராகிவிடும். கை அதற்குப் பழகிவிடும், காது பழகாது. இத்தகைய பழைய ஆர்கன்களில் பன்னிரண்டு சுரங்களும் சம இடைவெளியில் இருப்பதில்லை. அதிகம் புழங்கும் ஸ்கேல்கள் இனிமையாகவும், ஃப்ளாட்டும் ஷார்ப்பும் கூடக்கூடக் கரடாகவும் ஒலிக்கும்படி சுருதி பங்கிடப்பட்டிருக்கும். ஈ ஃப்ளாட் மைனர் அந்தக் கரடான பக்கத்தில் விழுகிறது. ஆகவே இந்தத் தேவாலயம் என்றால் பரோக் ஓபோ, இல்லையேல் வேண்டாம்.

இரண்டாவது டிரெஸ்டன் ஃபிரவுவன்கிர்ஹே. 2005இல் மறுபடி எழுந்து நின்ற இந்தத் தேவாலயத்துக்கு ஸ்ட்ராஸ்பர்கின் டானியல் கெர்ன் நான்கு விசைப்பலகையும் 67 ஸ்டாப்பும் கொண்ட புதிய ஆர்கனைச் செய்தார். நவீன சுருதி; ஒலியைத் திறந்து மூடும் ஸ்வெல் பெட்டி உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் யோஹான் செபாஸ்டியன் பாக் முதல் இருபதாம் நூற்றாண்டு வரை எல்லாவற்றையும் ஒரே மாலையில் வைக்கலாம். உங்கள் ஊர் ஆர்கன் 440 என்றால் உங்கள் நிலையும் இதுவே.

மூன்றாவது லைப்சிக் தோமாஸ்கிர்ஹே. இங்கே ஒரே கூரையின் கீழ் இரண்டு பெரிய ஆர்கன்கள். மேற்கு மாடத்தில் வில்ஹெல்ம் சாவர் 1889இல் அமைத்தது. 1908இல் 88 ஸ்டாப்பாக விரிவாக்கப்பட்டது. வடக்கு மாடத்தில் கெரால்ட் வேல் 2000இல் அமைத்த பாக் ஆர்கன், 61 ஸ்டாப். இது பாக் காலத்துக் ‘கோர்டோன்’ சுருதியான 465இல் ஒலிப்பது, 415க்கும் மாற்றிக்கொள்ளலாம். பரோக் பகுதியை வேல் ஆர்கனிலும், ரைன்பெர்கர் போன்ற பத்தொன்பதாம் நூற்றாண்டு இசையை சாவர் ஆர்கனிலும் வைத்தால் ஒவ்வொன்றும் தன் வீட்டில் ஒலிக்கும். ஆனால் ஓபோக்காரர் இரண்டு வாத்தியம், இரண்டு வகைச் சீவாளி, இரண்டு விரலமைப்பு கொண்டுவர வேண்டும். ஒத்திகையும் இரட்டிப்பு. இரண்டு ஓபோவையும் ஒரே மாலையில் சமமாகக் கையாள்பவர்கள் சிலரே. ஆள் உறுதியான பிறகே இந்த ஏற்பாட்டை யோசிக்கலாம்.

465இல் நிற்கும் ஆர்கன் உங்களிடம் இருந்து, அதை 415க்கு மாற்றும் வசதி இல்லையென்றால், 415 பரோக் ஓபோதான் பொருந்தும். இரண்டுக்கும் இடையே கிட்டத்தட்ட சரியாக ஒரு முழுச்சுரம். ஆர்கன்காரர் முழுச்சுரம் இறக்கி வாசித்தால் முடிந்தது. லைப்சிக்கில் பாக் செய்ததும் இதுவே. அவருடைய கண்டாட்டாக்களின் (குரலும் வாத்தியங்களும் சேர்ந்த தேவாலய இசை) ஆர்கன் தாள்கள் மற்றவர்கள் தாளைவிட ஒரு சுரம் இறக்கி எழுதப்பட்டிருக்கும். டி மைனர் உருப்படி சி மைனராகும். கேட்க நன்றாகவே இருக்கும். எஃப் மைனர் உருப்படி ஈ ஃப்ளாட் மைனராகும். அங்கே மறுபடியும் கரடு.

நான்காவது ஃப்ரைபெர்க் பேராலயம். சில்பர்மான் 1714இல் முடித்த பெரிய ஆர்கன், இன்றும் ஏறக்குறைய அவர் விட்டுச்சென்ற நிலையிலேயே ஒலிப்பது. அழகில் நான்கிலும் முதலிடம் இதற்கே. ஆனால் சுருதி சுமார் 476. நவீன ஓபோவுக்கும் இதற்கும் இடையே 136 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்): ஒரு அரைச்சுரமும் அதன்மேல் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடுதலும். அரைச்சுரம் இறக்கி வாசித்தாலும் 36 சென்ட் மிஞ்சும், அது அபஸ்வரம். 415 ஓபோவிலும் முழுச்சுரம் போக அதே அளவு மிச்சம். வழக்கமான எந்த ஓபோவும் இங்கே ஒத்துவராது. இப்படிப்பட்ட இடத்தில் செய்யக்கூடியது ஒன்றே: பெரிய ஆர்கனில் தனி உருப்படிகள் மட்டும், ஓபோவுக்குத் துணையாகக் கீழே ஒரு சிறு பெட்டி ஆர்கன். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும்போது சபையின் காது தடுமாறாமல் இருக்க நடுவே வாசிப்போ, ஜெபமோ, மணியோசையோ வையுங்கள். ஒரு நிமிட இடைவெளி போதும். முந்தைய சுருதியின் நினைவு அடங்கிவிடும்.

எங்கள் தெரிவைக் கேட்டால், முழுக்கப் பரோக் கச்சேரிக்கு ஹோஃப்கிர்ஹே வகை ஏற்பாடு. அதாவது 415 ஆர்கனும் 415 ஓபோவும். இரண்டும் ஒரே காலத்து மரத்தையும் காற்றையும் பேசுகின்றன. ஒலி தானாகக் கலக்கிறது. ஆனால் பெரும்பாலான சபைகளுக்கு நடைமுறையில் கைகொடுப்பது 440 ஆர்கனும் நவீன ஓபோவும்தான்.

குளிர்

தாளில் 440 என்று எழுதியிருந்தாலும் டிசம்பரில் ஆர்கன் 440இல் இருக்காது. குழாய்க்குள் இருக்கும் காற்று குளிர்ந்தால் அதில் ஒலியின் வேகம் குறையும், சுருதி இறங்கும். ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறத்தாழ 3 சென்ட். 18 டிகிரியில் 440 ஆக இருந்த ஆர்கன் 8 டிகிரியில் 432க்கு வந்துவிடும். வாசிப்பவரின் வெப்பமான மூச்சு நிறைந்த ஓபோ அவ்வளவு இறங்காது. இடைவெளி முப்பது சென்ட் வரை போகும்.

ஓபோக்காரர் என்ன செய்யலாம்? சீவாளி கட்டப்பட்டிருக்கும் உலோகக் குழல் — நாதஸ்வரக்காரர்கள் கெண்டை என்பார்களே, அதே இடத்துப் பாகம் — வழக்கமாக 47 மில்லிமீட்டர் நீளம். அதைவிட ஒரு மில்லிமீட்டர் நீளமானதில் கட்டிய சீவாளியைக் கொண்டுவந்தால் கொஞ்சம் இறங்கும். வெறுமனே சீவாளியை வெளியே இழுத்தும் இறக்கலாம். ஆனால் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் இழுத்தால் உள்ளே இடைவெளி விழுந்து, மேல் ஸ்தாயியும் கீழ் ஸ்தாயியும் ஒன்றுக்கொன்று பிசகும். உதட்டைத் தளர்த்தி இறக்குவது ஒரு நீண்ட சுரத்துக்கு ஆகும். பத்து நிமிட உருப்படிக்கு ஆகாது. உதடு சோர்ந்ததும் சுருதி மேலேறிவிடும். ஆக, ஓபோ தரப்பில் சரிக்கட்ட முடிவது பத்துப் பதினைந்து சென்ட்தான். மீதியைத் தேவாலயத்தின் வெப்பம் தர வேண்டும்.

அதனால் 14 டிகிரிக்குக் கீழே ஓபோ கச்சேரி வைக்காதீர்கள். 16 இருந்தால் நல்லது. அதற்காகக் கடைசி இரண்டு மணி நேரத்தில் சூடேற்றியை முழு வேகத்தில் முடுக்குவது பெரிய கேடு. காற்று சட்டென்று வறண்டு, ஆர்கனின் காற்றுப்பெட்டிப் பலகைகள் சுருங்கி, தொடாத குழாய் தானாக ஊதத் தொடங்கும். மணிக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை டிகிரிக்கு மேல் ஏற்றக் கூடாது. 10 டிகிரியிலிருந்து 16க்கு வர நான்கு முதல் ஆறு மணி நேரம். நிலைபெற இன்னும் ஒரு மணி நேரம். காற்றின் ஈரப்பதம் 45 விழுக்காட்டுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெப்பமானியை எங்கே வைப்பது என்பதில் பலரும் சறுக்குகிறார்கள். பலிபீடத்தருகே 15 காட்டும்போது ஆர்கன் மாடத்தில் 17, 18 இருக்கும். சூடான காற்று மேலே போய்த் தேங்கும். ஆர்கன் குழாய்கள் இருக்கும் உயரத்தில் அளந்தால்தான் கணக்கு சரிவரும்.

குழாய்களிலும் இரண்டு இனம் உண்டு. புல்லாங்குழல்போல் காற்று விளிம்பில் மோதி ஒலிக்கும் குழாய்கள் வெப்பத்தோடு ஏறி இறங்கும். ட்ரம்பெட், ஓபோ என்றெல்லாம் பெயர் கொண்ட, உலோக நாக்கு துடிக்கும் குழாய்கள் அவ்வளவாக அசையாது. குளிரில் முதல் இனம் இறங்கிவிட, நாக்குக் குழாய்கள் தனியே மேலே நின்று அபஸ்வரமாகக் கேட்கும். சுருதி சேர்ப்பவர் வந்ததும் எண்ணிக்கையில் குறைவான நாக்குக் குழாய்களை மற்றவற்றோடு சேர்ப்பார். அதையும் கச்சேரி நேரத்து வெப்பநிலையில்தான் செய்ய வேண்டும். காலையில் 11 டிகிரியில் சேர்த்துவிட்டுப் போனால் மாலையில் அந்த வேலை வீண்.

ஓபோவின் மரமும் கவனம் கேட்கும். நவீன ஓபோ கிரெனடில்லா என்ற கருமரத்தில் கடைவது. குளிர்ந்து கிடக்கும் வாத்தியத்துக்குள் சூடான மூச்சைச் சட்டென்று ஊதினால் உட்புறம் விரிய, வெளிப்புறம் விரியாமல், மேல் துண்டில் வெடிப்பு விழும். கையிலும் கோட்டுக்குள்ளும் வைத்துக் கால் மணி நேரம் மெல்லச் சூடாக்கிய பின்பே ஊத வேண்டும். குளிரில் மூச்சு ஈரம் நீராகி, மேல் ஸ்தாயிக்கான சின்னத் துளையில் அடைத்துக்கொள்வதும் சகஜம்; ஒரு சுரம் திடீரென்று குமிழிவிடும். சிகரெட் தாள் ஒன்றை அந்தச் சாவியின் அடியில் வைத்து அழுத்தி உறிஞ்சி எடுப்பார்கள். அதற்கு அரை நிமிடம் வேண்டும். எனவே இரண்டு ஓபோ உருப்படிகளை இடைவெளி இல்லாமல் அடுத்தடுத்து வைக்காதீர்கள்.

நாள் உங்கள் கையில் இருந்தால் பெந்தெகொஸ்தே பண்டிகை எல்லா வகையிலும் எளிது. மே, ஜூனில் சூடேற்றி வேண்டாம். ஆர்கன் 25 டிகிரியில் 445 வரை ஏறலாம். நவீன ஓபோ அந்த அளவு ஏறிக்கொடுக்கும். 

மாடத்திலா, முன்னாலா?

ஆர்கன் மேற்கு மாடத்தில் இருக்கும். சபை பலிபீடத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். வாசிப்பவர்களை யாரும் பார்க்க முடியாது. உடனே எழும் யோசனை: ‘ஓபோக்காரர் முன்னால் நிற்கட்டும், ஆர்கன்காரர் மாடத்திலிருந்தே வாசிக்கட்டும்.’ இது நடக்காது. முப்பது மீட்டர் இடைவெளியைக் கடக்க ஒலிக்கு 88 மில்லி விநாடி ஆகும். நிமிடத்துக்கு 80 தாள அடி வைத்துப் போகும் உருப்படியில் ஓர் அடியின் கால் பங்கு 187 மில்லி விநாடி; அதில் கிட்டத்தட்டப் பாதி தாமதம். ஒருவர் மற்றவருக்காகக் காத்திருக்க, அவர் இவருக்காகக் காத்திருக்க, நான்கே வரியில் காலப்பிரமாணம் இழுபட்டுவிடும். கேமராவும் திரையும் கண்ணுக்குத்தான் உதவும்.

மாடத்தில் இருவரும் சேர்ந்திருப்பதே முதல் தெரிவு. ஓபோக்காரர் ஆர்கன்காரரிடமிருந்து இரண்டு மூன்று மீட்டருக்குள், மாடத்துக் கைப்பிடியருகே, சபையைப் பார்த்து நிற்க வேண்டும். கைப்பிடியில் ஆர்கனின் ஒரு பகுதி தனிப் பெட்டியாகத் தொங்கினால் அதன் பின்னால் நிற்கக் கூடாது. பக்கவாட்டில் நிற்க வேண்டும். ஓபோவின் ஒலி கீழ்முனைத் திறப்பிலிருந்து மட்டும் வருவதில்லை, திறந்திருக்கும் துளைகளிலிருந்தும் வருகிறது. முன்னால் பலகை நின்றால் மேல் ஸ்தாயி மங்கிவிடும். ஆர்கன்காரருக்கு ஒரு கண்ணாடி மாட்டுங்கள். ஓபோக்காரர் மூச்செடுக்கும் தோளைப் பார்த்தால் போதும், கையசைப்பே வேண்டாம்.

பெட்டி ஆர்கனை வாடகைக்கு எடுத்து முன்னால் வைப்பது இரண்டாவது. 8 அடி கெடாக்ட், 4 அடி புல்லாங்குழல், 2 அடி பிரின்சிபல் என்று மூன்று நான்கு ஸ்டாப்பே இருக்கும் (அடி என்பது குழாய் நீளக் கணக்கு, எண் குறையக் குறைய ஸ்தாயி ஏறும்; கெடாக்ட் தலை மூடிய மென்மையான குழாய், பிரின்சிபல் ஆர்கனின் அடிப்படைக் குழாய்). பல பெட்டி ஆர்கன்களில் விசைப்பலகையை நகர்த்தி 415, 440, 465 மூன்றையும் பெறலாம்; ஃப்ரைபெர்க் போன்ற இடத்துக்கு இதுதான் உயிர். சபை கலைஞரின் முகத்தைப் பார்க்கும். பேச்சும் விளக்கமும் வைக்கலாம். ஆனால் பண்டிகை கனம் வராது. காலால் வாசிக்கும் பெடல் இல்லை, கெடாக்டின் மென்மை பின்வரிசையைச் சேரும் முன்பே கரைந்துவிடும். நூற்றைம்பது பேருக்குள் என்றால் தாராளமாகச் செய்யலாம். வண்டியில் வந்து இறங்கியபின் புது இடத்தின் வெப்பத்துக்குப் பழக இரண்டு மணி நேரமாவது விட்டுச் சுருதி சேர்க்க வேண்டும். அவசரத்தில் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

மூன்றாவது வழி கலவை: மாடத்திலேயே கச்சேரி, நடுவில் ஒரே ஒரு முறை ஓபோக்காரர் இறங்கிவந்து பலிபீடத்தருகே துணையில்லாமல் தனியே வாசிப்பது. ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் 1951இல் துணையற்ற ஓபோவுக்கு எழுதிய ஆறு சிறு பகுதிகளில் முதலாவது, ‘பான்’, இதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கும். இறங்கி ஏறும் நேரத்தை ஆர்கன் தனி உருப்படி மூடிக்கொள்ளும். நாங்கள் பரிந்துரைப்பது இதைத்தான்.

உருப்படிகள்: மூலமா, மாற்றியமைத்ததா?

ஆர்கனுக்கும் ஓபோவுக்கும் சேர்த்தே எழுதப்பட்ட இசை கொஞ்சம்தான். அதில் தலையாயது யோஹான் லுட்விக் கிரெப்ஸ் எழுதியவை. 1713இல் பிறந்தவர், லைப்சிக்கில் பாக்கின் மாணவர். எஃப் மைனர் ஃபாண்டாசியாவில் ஓபோ ஒரு குரல், ஆர்கனின் இரு கைகளும் பெடலும் மற்ற குரல்கள். யாரும் யாருக்கும் பக்கவாத்தியம் இல்லை. அவர் அமைத்த கீர்த்தனை முன்னிசைகளில் ஓபோ பாடல் மெட்டை நீண்ட சுரங்களாக ஏந்த, ஆர்கன் கீழே ஓடும். கிரெப்ஸுக்கு முன்பே மெர்செபுர்கின் கேயோர்க் ஃப்ரீட்ரிக் கௌஃப்மான் 1733இல் வெளியிடத் தொடங்கிய தொகுப்பிலும் ஓபோவோடு கூடிய முன்னிசைகள் உண்டு. டிரெஸ்டனின் ஹோமிலியுஸும் இந்த வகையில் எழுதினார். மெட்டு வரிக்கு வரி நின்று நின்று போவதால் ஓபோக்காரருக்கு மூச்சு வாங்க இயல்பாகவே இடம் கிடைக்கும். ஒரு குறை: அந்தக் கீர்த்தனையை அறியாதவருக்குப் பாதி இன்பம் போய்விடும். நிகழ்ச்சித்தாளில் முதல் சரணத்தை அச்சிடுங்கள்; அல்லது ஆர்கன்காரர் முதலில் மெட்டை மட்டும் ஒரு முறை எளிமையாக வாசித்துக் காட்டட்டும்.

சபைக்கு உடனே பிடிப்பவை கான்செர்டோக்கள். அலெஸாண்ட்ரோ மார்செல்லோவின் டி மைனர், அல்பினோனி 1722இல் வெளியிட்ட ஒன்பதாம் தொகுப்பின் இரண்டாவது, ஹெண்டலின் ஜி மைனர். இவை ஓபோவோடு நரம்பிசைக் குழுவுக்கு எழுதப்பட்டவை. ஆர்கன்காரர் பியானோச் சுருக்கத்தை அப்படியே வாசித்தால் கெட்டுவிடும். மார்செல்லோவின் நடுப்பகுதியை எடுத்துக்கொள்வோம். வயலின்கள் ஒரே சுரக்கூட்டை அடி அடியாகத் தட்டிக்கொண்டே போகும். வில்லில் அது மூச்சுப்போல் இருக்கும். ஐந்து விநாடி எதிரொலிக்கும் கட்டடத்தில் ஆர்கனில் அதே எண்ணிக்கைச் சுரங்களோடு தட்டினால், ஒன்று அடங்கும் முன் அடுத்தது ஏறி, ஓபோவுக்குப் பின்னால் ஒரு சுவர் எழும்பிவிடும். செய்ய வேண்டியது: வலக்கையில் இரண்டு குரல் மட்டும் வைத்துக்கொண்டு ஸ்தாயி இரட்டிப்புகளை நீக்குவது, ஒவ்வொரு தட்டையும் அதன் மதிப்பில் பாதிக்கு மேல் பிடிக்காமல் விடுவது, பெடலில் 16 அடி ஸ்டாப்பை இந்தப் பகுதிக்கு எடுத்துவிடுவது. ஓபோவின் கோட்டுக்கு அலங்காரம் தேடுபவர் பாக் இதைத் தனி விசைப்பலகைக்கு மாற்றி எழுதிய பி.டபிள்யூ.வி. (பாக் படைப்புப் பட்டியல்) 974ஐப் பார்க்கலாம், கமகங்களைப் பாக்கே எழுதி வைத்திருக்கிறார்.

பாக்கின் கண்டாட்டா முன்னிசைகள் இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. 156ஆம் கண்டாட்டாவின் எஃப் மேஜர் சின்ஃபோனியா மூன்று நிமிடத்துக்குள் முடியும். ஆர்கனுக்கு மாற்ற மிக எளிது. 12ஆம் கண்டாட்டாவின் எஃப் மைனர் சின்ஃபோனியா அதைவிட ஆழமானது, ஆனால் துயரம் தோய்ந்தது. ஆண்டிறுதிக்கு ஆகும், பெந்தெகொஸ்தேக்கு ஆகாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு ரைன்பெர்கர். தம் ஆர்கன் சொனாட்டாக்களின் மெதுவான பகுதிகளை ஓபோவுக்கும் ஆர்கனுக்குமாகத் தாமே அமைத்துத் தந்தவர். ஸ்வெல் பெட்டி இருக்கும் ஆர்கனில்தான் எடுபடும். சில்பர்மான் ஆர்கனில் வேண்டாம். இங்கிலீஷ் ஹார்னும் (ஓபோவைவிடத் தாழ்ந்து ஒலிக்கும் அதன் உறவு வாத்தியம்) வாசிப்பவர் கிடைத்தால் யான் கூட்சியரின் 1954 பார்ட்டிட்டா இருக்கிறது, அந்த வாத்தியத்துக்கும் ஆர்கனுக்குமே எழுதியது.

‘அல்பினோனியின் அடாஜியோ’ என்று ஊரெங்கும் கேட்கும் ஜி மைனர் மெட்டை யாராவது கேட்பார்கள். அது ரெமோ ஜியாஸோட்டோ 1958இல் வெளியிட்டது. அவர் இறந்தது 1998. ஜெர்மனியில் 2068 முடியும்வரை பதிப்புரிமை உண்டு. பெஞ்சமின் பிரிட்டனின் இசைக்கும் 2046 வரை. இவற்றைச் சேர்த்தால் உரிமச் சங்கமான கேமாவுக்கு உருப்படிப் பட்டியலைத் தர வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

எந்த ஸ்டாப்?

ஓபோவின் ஒலியில் மேல்நிலை அதிர்வுகள் மிகுதி. அதற்குத் துணையாக அவை குறைந்த ஸ்டாப் இருந்தால் இரண்டும் பிரிந்து தெளிவாகக் கேட்கும். அதனால்தான் தலை மூடிய குழாய்களான 8 அடி கெடாக்டில் தொடங்குகிறோம். போதாதென்றால் 4 அடி புல்லாங்குழல் சேரட்டும். 8 அடி பிரின்சிபல் ஓபோவின் நடு ஸ்தாயியிலேயே உட்கார்ந்து அதை மறைக்கும். விரைவுப் பகுதிகளில் குழு முழுதும் வரும் இடங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். பெடலில் 16 அடி சுப்பாஸும் 8 அடி ஒன்றும். ட்ரெமுலன்ட் (காற்றை நடுக்கி ஒலியை அசைக்கும் அமைப்பு) வேண்டாம், ஓபோவின் அசைவும் அதன் அசைவும் மோதும். ஆர்கனில் ‘ஓபோ’ என்றே ஒரு ஸ்டாப் இருக்கும். உண்மையான ஓபோ வாசிக்கும்போது அதைத் தொடாதீர்கள்.

சுருதி சேர்ப்பதும் இதே கெடாக்டில்தான் நடக்க வேண்டும். ஆர்கன்காரர் பெரிய பிரின்சிபலில் ஏ கொடுத்து, பிறகு கெடாக்டில் வாசித்தால் இரண்டுக்கும் சில சென்ட் வித்தியாசம் இருக்கலாம். ஏ மட்டும் போதாது. கீழ் டி, மேல் ஏ இரண்டையும் பாருங்கள்.

வரிசை

440 ஆர்கனில் 65 நிமிடக் கச்சேரிக்கு, ஓபோ ஒலிக்கும் நேரம் மொத்தம் 30–35 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. ஓபோக்காரருக்குக் காற்று போதாமல் போவது அரிது. குறுகிய சீவாளி வழியே வெளியேறாமல் நுரையீரலில் பழைய காற்று தேங்குவதுதான் தொல்லை. உள்ளே இழுக்கும் முன் அதை வெளியேற்ற வேண்டும். பத்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்தால் உதடும் தளரும்.

பாக்கின் ஜி மேஜர் பிரெலூடும் ஃபியூகும் ஆர்கனில் தனியாக முழங்கித் தொடங்கட்டும். அடுத்து, உதடு புதிதாக இருக்கும்போதே மார்செல்லோ. பிறகு மெண்டல்சன் 1845இல் வெளியிட்ட ஆறு ஆர்கன் சொனாட்டாக்களில் ஒன்று. அதற்குள் ஓபோக்காரர் இறங்கி வந்துவிடுவார். பலிபீடத்தருகே பிரிட்டன். அவர் ஏறும்போது ஒரு சிறு ஆர்கன் உருப்படி. கிரெப்ஸ் ஃபாண்டாசியா, மூச்சு வாங்க ஒரு வாசிப்பு, ரைன்பெர்கர், 156ஆம் சின்ஃபோனியா. இறுதியில் விடோரின் ஐந்தாம் சிம்ஃபனியின் டொக்காட்டா ஆர்கனில் தனியாக. 415 சில்பர்மானில் இந்த வரிசை அப்படியே போகாது: கீழ் சி ஷார்ப் விசையே கிடையாது, ஸ்வெல் பெட்டியும் கிடையாது, விடோருக்கு வேண்டிய மேல் விசைகளும் இல்லை. மெண்டல்சன், ரைன்பெர்கர், விடோர் மூவரையும் எடுத்துவிட்டு பூக்ஸ்டெஹூடே, கௌஃப்மான், ஹெண்டல் என்று நிரப்புங்கள்.

சுருதி சேர்ப்பவரை அக்டோபருக்குள் பேசி வையுங்கள். டிசம்பர் 31க்கு நவம்பரில் கேட்டால் யாரும் கிடைக்க மாட்டார்கள். மாலை 5 மணிக் கச்சேரிக்குக் காலை 9 மணிக்குச் சூடேற்றத் தொடங்கி, பிற்பகல் 2 மணிக்கு 16 டிகிரி நிலைபெற்றதும் நாக்குக் குழாய்களைச் சேர்த்து, 3 மணிக்கு மாடத்தில் ஒத்திகை. விசிறிச் சூடேற்றி என்றால் 4.30க்கு நிறுத்துங்கள், அதன் இரைச்சல் கெடாக்டை விழுங்கும். ஐந்நூறு பேர் உள்ளே வந்தால் ஆளுக்குச் சுமார் நூறு வாட் வீதம் ஐம்பது கிலோவாட் வெப்பம் கூடவே வரும். கச்சேரி முடிவதற்குள் மாடத்தில் ஒன்றிரண்டு டிகிரி ஏறி, ஆர்கன் மூன்று முதல் ஆறு சென்ட் மேலே போயிருக்கும். ஓபோ அதைத் தொடர்ந்துகொள்ளும். 2 மணிக்குச் சேர்த்த நாக்குக் குழாய்கள் தொடராது. ஆகவே கைதட்டல் நீண்டு இன்னொன்று கேட்டால், அந்தக் கூடுதல் உருப்படியில் நாக்குக் குழாய் ஸ்டாப் எதையும் இழுக்காமல், கெடாக்டும் ஓபோவும் மட்டும் வருவதாக 12ஆம் சின்ஃபோனியாவையோ அல்பினோனியின் மெதுவான பகுதியையோ தயாராக வைத்திருங்கள்.